சம்பளம் கேட்ட விஞ்ஞானி

1609-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி.

இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரம். அந்த நகரத்தின் பெரிய தேவாலயத்துக்கு எதிரே வானளாவிய மணிக்கூண்டு ஒன்று உண்டு. அதன் படிகளில் சில பெரிய மனிதர்கள் மூச்சு வாங்க ஏறினார்கள். அவர்கள் வெனிஸ் நாட்டை ஆளும் சபையின் அங்கத்தினர்கள்.

அவர்களை அழைத்துச் சென்றவர் ஒரு கணக்கு ஆசிரியர். வயது 45. அவர் கையில் நீண்ட குழாய் ஒன்று இருந்தது. அதன் இரண்டு நுனிகளிலும் கண்ணாடி வில்லைகள் இருந்தன.

ஒவ்வொருவராக அந்தக் குழாயைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தார்கள். தூரத்தில் பாய் விரித்து வரும் கப்பல்கள் தெரிந்தன. குழாயை எடுத்துவிட்டுப் பார்த்தால் வெறும் கடல்தான். அதே கப்பல்கள் கரையை நெருங்கி வெறும் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

சபையினர் திகைத்துப் போனார்கள். வெனிஸ் கடலை நம்பி வாழும் நாடு. எதிரியின் கப்பற்படை வருவதை இரண்டு மணி நேரம் முன்னதாகவே அறிந்துகொண்டால் அது எவ்வளவு பெரிய பலம்!

நான்கே நாட்களில் அந்த ஆசிரியரின் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்தது.

அவர்தான் கலிலியோ.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியதற்காகத் தண்டனை அடைந்தவர் கலிலியோ. இதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அவர் நல்ல சம்பளத்துக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் போராடினார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் போராட்டத்தில் அவர் வெற்றி பெற்றார். அந்த வெற்றிக்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார்.

மூத்த பிள்ளை

கலிலியோ 1564-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ நல்ல சங்கீத வித்துவான். வித்தை இருந்தது, கையில் காசு இல்லை. வீட்டில் கலிலியோதான் மூத்த பிள்ளை.

மகனை வைத்தியனாக்க வேண்டும் என்று தந்தை ஆசைப்பட்டார். வைத்தியத்தில் நல்ல வருமானம் உண்டு. குடும்பம் தலைதூக்கும். ஆகவே 1581-ல் மகனைப் பைசா சர்வகலாசாலையில் வைத்தியம் படிக்கச் சேர்த்தார்.

கலிலியோவின் மனமோ கணக்கில் லயித்துவிட்டது. வைத்தியப் புத்தகங்களை மூடி வைத்தார். 1585-ல் பட்டம் பெறாமலே வீடு திரும்பினார்.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. வயது 21. பெற்றவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனால் கலிலியோ சோம்பி உட்காரவில்லை. பிளாரன்ஸ், சியன்னா ஆகிய ஊர்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பொருள்களைத் தண்ணீரில் வைத்து எடை போடும் நுட்பமான தராசு ஒன்றை அமைத்து, அதைப்பற்றிச் சிறு நூல் எழுதினார். கனப்பொருள்களின் புவியீர்ப்பு மையத்தைக் கணக்கிடும் வழியைக் கண்டுபிடித்தார். அந்தக் கணக்குகளைத் தாமே பிரதி எடுத்து, பேர்பெற்ற அறிஞர்களுக்கு அனுப்பி வைத்தார்.

பொலோனா சர்வகலாசாலையில் கணக்கு ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. கலிலியோ விண்ணப்பம் போட்டார். 1588-ல் அந்த வேலை மாஜினி என்பவருக்குப் போய்விட்டது. அவர் கலிலியோவைவிட வயதில் மூத்தவர்.

கலிலியோ மனம் உடையவில்லை. அவர் அனுப்பிய கணக்குகளைப் படித்து வியந்தவர்களில் குய்டோபால்டோ என்ற பிரபுவும் ஒருவர். அவரே கணக்கில் வல்லவர். அவர் கலிலியோவுக்காகப் பெரிய இடங்களில் பரிந்து பேசினார். பட்டம் வாங்காமல் வெளியேறிய அதே பைசா சர்வகலாசாலையில், 1589-ல் கலிலியோ ஆசிரியராக நுழைந்தார்!

ஆண்டுக்கு 60

உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 60 ஸ்கூடி. ஸ்கூடி என்பது அந்த நாட்டு நாணயம். அதே சர்வகலாசாலையில் வைத்தியம் கற்பித்தவர்கள் அதைப்போல் பல மடங்கு வாங்கினார்கள். கணக்கு வாத்தியாருக்கு அந்தக் காலத்தில் அவ்வளவுதான் மதிப்பு.

1591-ல் தந்தை காலமானார். குடும்பப் பாரம் முழுவதும் 27 வயது கலிலியோவின் தலையில் விழுந்தது. தாயைக் காப்பாற்ற வேண்டும். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும். அந்த ஆண்டுதான் தங்கை விர்ஜினியாவுக்குக் கலியாணம் நடந்தது. சீதனம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதைத் தவணையாகக் கட்ட வேண்டியவர் கலிலியோ.

60 ஸ்கூடியில் எதைச் செய்வது?

பாதுவா என்ற ஊரில் பெரிய சர்வகலாசாலை ஒன்று இருந்தது. அது வெனிஸ் குடியரசுக்குச் சொந்தமானது. அங்கே கணக்கு ஆசிரியர் இடம் சில ஆண்டுகளாகவே காலியாகக் கிடந்தது. 1592-ல் கலிலியோ நேரே வெனிசுக்குப் போனார். அதிகாரிகளைக் கண்டார். அறிஞர்களைக் கண்டார். தம் வேலைத் திறமையை எடுத்துச் சொன்னார். பொலோனாவில் அவரை முந்திக்கொண்ட மாஜினிக்கும் அந்த இடத்தின்மேல் கண் இருந்தது. இந்தத் தடவை கலிலியோ முந்திக்கொண்டார்.

பாதுவாவில் சம்பளம் ஆண்டுக்கு 180 புளோரின்.

சம்பளம் கூடியது. கடன் குறைந்ததா? இல்லை. சீதனத் தவணை பாக்கி நின்றது. 1593-ல் கலிலியோ ஊருக்கு வர நினைத்தார். அப்போது தாயிடமிருந்து கடிதம் வந்தது. பணம் தராமல் பிளாரன்சுக்குள் காலடி வைத்தால் பிடித்து அடைத்துவிடுவதாக மாப்பிள்ளை மிரட்டிக்கொண்டிருக்கிறார் என்று அதில் கண்டிருந்தது!

1601-ல் இன்னொரு தங்கை லிவியாவுக்குக் கலியாணம். சீதனம் 1800 டக்கட். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கொடுப்பதாகப் பேச்சு. தம்பி மைக்கலாஞ்சலோ சங்கீதம் படித்தவர். போலந்து நாட்டுக்கு வேலைக்குப் போனார். பிறகு ஜெர்மனிக்குப் போனார். அங்கே தம் கலியாணத்துக்கு அமர்க்களமாக விருந்து போட்டார். தங்கையின் சீதனத்துக்கு அவர் தர வேண்டிய பங்கு மட்டும் வரவே இல்லை. அதையும் அண்ணனே சுமந்தார். கடன் வாங்கினார். சம்பளத்தில் முன்பணம் கேட்டு வெனிஸ் அரசுக்கு மனுப் போட்டார்.

வீடே ஒரு தொழிற்சாலை

கடன்பட்டவர்களில் இரண்டு வகை உண்டு. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுபவர்கள் ஒரு வகை. தமக்கு என்ன வேலை தெரியும், அதை எப்படிப் பணமாக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. கலிலியோ இரண்டாவது வகை.

ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் பாதுவாவுக்குப் படிக்க வந்தார்கள். கோட்டை கட்டுவது, நில அளவை, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிடுவது ஆகியவற்றை அவர்கள் கற்க விரும்பினார்கள். சர்வகலாசாலைப் பாடத்தில் இவற்றுக்கு அதிக இடம் இல்லை. கலிலியோ வீட்டில் வைத்துத் தனிப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் சிலருக்குத் தம் வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துப் பணம் வாங்கினார். கேட்டவர்களுக்கு ஜாதகமும் கணித்துக் கொடுத்தார்.

1597-ல் புதுக் கருவி ஒன்றை உருவாக்கினார். இரண்டு உலோகச் சட்டங்களை ஒரு முனையில் ஆணியால் கோத்தது போல் இருக்கும். சட்டங்களின்மேல் கோடுகளும் எண்களும் இருக்கும். இதைக்கொண்டு வட்டிக் கணக்குப் போடலாம். பீரங்கிக் குண்டுக்கு எவ்வளவு மருந்து போட வேண்டும் என்று அறியலாம். படத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். கணக்குத் தெரியாத படைவீரனும் இதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

கருவிக்குத் தேவை ஏற்பட்டது. 1599-ல் மார்க்கந்தோனியோ மாசொலேனி என்ற கம்மியரை வேலைக்கு அமர்த்தினார். அவரும் அவர் குடும்பமும் கலிலியோ வீட்டிலேயே தங்கினார்கள். பட்டறையில் கருவி உருவாகும். அறையில் பாடம் நடக்கும். கருவியை விற்றதில் வந்த லாபம் சொற்பம். அதைப் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்ததில்தான் நல்ல வரும்படி.

1606-ல் அந்தக் கருவிக்கு விளக்க நூல் எழுதித் தம் வீட்டிலேயே 60 பிரதிகள் அச்சிட்டார். அதைப் பிளாரன்ஸ் நாட்டு இளவரசர் காசிமோவுக்குச் சமர்ப்பணம் செய்தார். அந்த இளவரசருக்குக் கோடை விடுமுறையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

அடுத்த ஆண்டு பல்தசார் காப்ரா என்பவர் இதே கருவியைப்பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். கருவி தம்முடையது என்று உரிமை கொண்டாடினார். கலிலியோ சும்மா இருக்கவில்லை. சர்வகலாசாலை அதிகாரிகளிடம் முறையிட்டார். விசாரணை நடந்தது. நூல் திருட்டு என்று முடிவாயிற்று. காப்ராவின் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. தம் உழைப்பின் பேரில் பிறர் பேர் வாங்குவதைக் கலிலியோ ஒருநாளும் பொறுத்ததில்லை.

கேட்டால்தான் கிடைக்கும்

பாதுவாவில் ஆசிரியர் வேலை ஒப்பந்த வேலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். மறுபடி எழுதும்போது சம்பளத்தைப்பற்றிப் பேசலாம். பேசாதவனுக்குப் பழைய சம்பளம்தான்.

ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு தடவையும் கலிலியோ பேசினார். அவருக்காகப் பேச நண்பர்களும் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சக்ரிடோ. வெனிஸ் பிரபு குடும்பத்தவர். கலிலியோவின் உயிர்த் தோழர். சம்பள உயர்வுக்காக அதிகாரிகளின் வீட்டு வாசலை விடாமல் தட்டியவர்.

1599-ல் 180 புளோரின் 320 ஆயிற்று. 1606-ல் 320 புளோரின் 520 ஆயிற்று.

நடுவில் இன்னொரு வாய்ப்பும் வந்தது. மாந்துவா நாட்டை ஆண்ட பிரபு கலிலியோவைத் தம்மிடம் வேலைக்கு அழைத்தார். 1604-ல் கலிலியோ அங்கே போய்ப் பார்த்தார். சம்பளம் 300 டக்கட், அவருக்கும் ஒரு வேலைக்காரனுக்கும் சாப்பாட்டுச் செலவு என்று பிரபு சொன்னார். கலிலியோ 500 டக்கட்டும் மூன்று பேருக்குச் செலவும் கேட்டார். பேரம் படியவில்லை. கலிலியோ மரியாதையாக நன்றி தெரிவித்துவிட்டுப் பாதுவாவுக்குத் திரும்பினார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அவர் தம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக் கெஞ்சவில்லை. தம் உழைப்புக்கு இன்ன விலை என்று தெரிந்து வைத்திருந்தார். அதற்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்ல, கையில் இன்னொரு வேலையும் வைத்திருந்தார். இருக்கும் வேலையை விட்டுவிட்டு அவர் வேறு வேலை தேடியதே இல்லை.

ஒரு குழாய், ஒரு காணிக்கை

1609-ம் ஆண்டுக் கோடையில் வெனிசுக்கு ஒரு செய்தி வந்தது. ஹாலந்து நாட்டில் மூக்குக் கண்ணாடி செய்பவர் ஒருவர் குழாய் ஒன்று செய்திருக்கிறார். அதில் தூரத்துப் பொருள் பக்கத்தில் தெரிகிறது என்பதே அந்தச் செய்தி.

கலிலியோ உடனே வேலையில் இறங்கினார். வில்லைகளைத் தாமே தேய்த்து மெருகேற்றினார். அந்தச் சமயத்தில் அயல்நாட்டார் ஒருவர் அப்படிப்பட்ட குழாயை வெனிஸ் அரசுக்கு விற்க வந்தார். அரசு, பாவ்லோ சார்பி என்ற அறிஞரிடம் யோசனை கேட்டது. அவர் கலிலியோவின் நண்பர். வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சில நாட்களில் கலிலியோவின் குழாய் தயாராகிவிட்டது. வந்தவரின் குழாயைவிட அது சிறந்தது. பொருளை எட்டு, ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டியது. இதுதான் மணிக்கூண்டில் சபையினர் பார்த்த தொலைநோக்கி.

பிறகு கலிலியோ செய்த காரியம் சாமர்த்தியமானது. அவர் தொலைநோக்கியை விலைக்கு விற்கவில்லை. வெனிஸ் குடியரசின் தலைவருக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். விலை சொன்னால் பேரம் பேசுவார்கள். காணிக்கை கொடுத்தால் வாங்கியவர்கள் கைம்மாறு செய்தாக வேண்டும்!

ஆகஸ்டு 25-ந் தேதி சபை கூடியது. கலிலியோவுக்கு ஆயுள் முழுவதும் வேலை, ஆண்டுக்கு 1000 புளோரின் சம்பளம் என்று தீர்மானம் நிறைவேறியது.

60-ல் தொடங்கியவர் 1000-க்கு வந்துவிட்டார். ஊரெல்லாம் பாராட்டு. ஆனால் தீர்மானத்தை வரி வரியாகப் படித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. புதிய சம்பளம் உடனே கிடையாது. நடப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகுதான். அத்துடன், இனி ஆயுளுக்கும் சம்பள உயர்வே கிடையாது!

வேண்டியது பொழுது

இந்தச் சமயத்தில் கலிலியோ ஆழ்ந்து யோசித்தார். பணம் எதற்கு?

காலையிலிருந்து இரவு வரை மாணவர்கள். வீடு நிறையச் சாப்பாட்டுக்காரர்கள். பட்டறையில் சுத்தியல் சத்தம். 18 ஆண்டுகளாகப் பொருள்கள் விழும் வேகத்தையும் உருளும் வேகத்தையும் ஆராய்ந்து கட்டுக் கட்டாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அவற்றை நூலாக எழுத நேரம் இல்லை. அவருக்கு இப்போது பணத்தைவிடப் பொழுதுதான் வேண்டியிருந்தது. பாடம் சொல்லாமல் சம்பளம் வாங்க வேண்டும்.

குடியரசில் அது நடக்காது. அது மக்கள் பணம். வேலை செய்தால்தான் கூலி. ஆனால் ஒரு மன்னர் மனம் வைத்தால் தம் இஷ்டம்போல் கொடுக்கலாம். அவர் கணக்குச் சொல்லிக் கொடுத்த காசிமோ, 1609-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பிளாரன்ஸ் நாட்டின் அதிபதியாகிவிட்டார். வயது 18.

அந்தச் சமயம் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. கலிலியோ தொலைநோக்கியின் சக்தியைக் கூட்டி வானத்தைப் பார்த்தார். 1610-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, வியாழன் கிரகத்தின் அருகே சிறு ஒளிப் புள்ளிகளைக் கண்டார். சில நாட்கள் இரவு இரவாகக் கவனித்ததில் அவை நான்கு என்றும், வியாழனைச் சுற்றுகின்றன என்றும் தெரிந்தது. அவை வியாழனின் சந்திரன்கள்!

மார்ச்சு மாதத்தில் நூல் வெளிவந்தது. 550 பிரதிகள். ஐரோப்பா முழுவதும் அதே பேச்சு. புதிய சந்திரன்களுக்குக் காசிமோவின் குலப் பெயரான மெடிசி என்பதையே சூட்டினார் கலிலியோ. எந்தப் பெயர் வைத்தால் பிடிக்கும் என்று அதிபதியின் மந்திரி விந்தாவிடம் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டார்!

காசிமோ மகிழ்ந்துபோய்த் தங்கச் சங்கிலி பரிசளித்தார்.

இதுதான் தருணம் என்று கண்ட கலிலியோ, 1610-ம் ஆண்டு மே மாதத்தில் விந்தாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய கடிதம் அது. இதுவரை செய்தது என்ன, கையில் இருப்பது என்ன, இனி எழுதப் போகும் நூல்கள் எவை என்று பட்டியல் கொடுத்தார். இப்போது என்ன சம்பளம் என்று சொன்னார். அந்தச் சம்பளத்தையே கேட்டார். பாடம் சொல்லும் வேலை இல்லாமல் நேரம் வேண்டும் என்றார். கடைசியாக, வெறும் கணித ஆசிரியர் என்ற பெயர் போதாது. தத்துவ அறிஞர் என்ற பட்டமும் வேண்டும் என்றார்.

பட்டப்பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் கணக்கு ஆசிரியர் கணக்கு மட்டும் போடலாம். உலகம் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் உரிமை தத்துவ அறிஞருக்கே உண்டு. கலிலியோ அந்த உரிமையைத்தான் கேட்டார்.

கேட்டதெல்லாம் கிடைத்தது. ஜூலை 10-ந் தேதி நியமன உத்தரவு பிறந்தது. சம்பளம் ஆண்டுக்கு 1000 ஸ்கூடி. பாடம் சொல்லத் தேவையில்லை. 21 ஆண்டுகளுக்கு முன் 60 ஸ்கூடி கொடுத்த அதே பைசா சர்வகலாசாலையின் கணக்கில்தான் அந்த 1000 ஸ்கூடியும் எழுதப்பட்டது!

நண்பரின் எச்சரிக்கை

1610-ம் ஆண்டு செப்டம்பரில் கலிலியோ பாதுவாவை விட்டுப் புறப்பட்டார். வெனிசில் பலருக்குக் கோபம். ஆயுள் உத்தியோகம் கொடுத்தோம், ஓர் ஆண்டிலே போய்விட்டாரே என்று மனம் நொந்தார்கள்.

அவர் பாதுவாவில் விட்டுச் சென்றது உத்தியோகத்தை மட்டும் அல்ல. மரினா கம்பா என்ற பெண்ணுடன் முறைப்படி மணம் செய்துகொள்ளாமல் அவர் வாழ்ந்து வந்தார். இரண்டு பெண்கள், ஒரு பையன். மரினா பாதுவாவிலேயே தங்கிவிட்டார். பெண்கள் இருவரும் 1613-ல் கன்னிமாடத்தில் சேர்க்கப்பட்டார்கள். தங்கைகளின் சீதனத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் பெண்களுக்குக் கலியாணமே இல்லை.

கலிலியோ புறப்பட்டபோது நண்பர் சக்ரிடோ ஊரில் இல்லை. அரசாங்க வேலையாகச் சிரியா நாட்டில் இருந்தார். 1611-ல் திரும்பி வந்து விஷயம் அறிந்து வருந்தினார். கலிலியோவுக்குக் கடிதம் எழுதினார். வெனிசில் இருந்த சுதந்திரம் வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மன்னர் நல்லவர்தான், ஆனால் அரண்மனையில் பொறாமைக்காரர்கள் சூழ்ச்சி செய்தால் யார் காப்பாற்றுவார் என்று கவலைப்பட்டார்.

சக்ரிடோ காரணத்தோடுதான் கவலைப்பட்டார். 1606-ல் போப்பாண்டவருக்கும் வெனிசுக்கும் பெரிய தகராறு வந்தது. போப்பாண்டவர் வெனிஸ் நாட்டையே விலக்கி வைத்தார். வெனிஸ் பணியவில்லை. ஏசு சபைப் பாதிரிமார்களை நாட்டை விட்டு வெளியேற்றியது. ரோமாபுரியை எதிர்த்து நிற்கும் துணிவு இத்தாலியில் வெனிசுக்கு இருந்தது. பிளாரன்சுக்கு அது இல்லை.

வந்தது சோதனை

காசிமோ இருந்தவரை கலிலியோவுக்குக் குறை இல்லை. ஆனால் காசிமோ நோயாளி. 1621-ல் 30 வயதில் இறந்துபோனார். அவர் மகன் பெர்டினாந்து அப்போது பத்து வயதுச் சிறுவன்.

1632-ல் கலிலியோ தம் பெரிய நூலை வெளியிட்டார். பூமி சுற்றுகிறதா, சூரியன் சுற்றுகிறதா என்று மூன்று பேர் விவாதிப்பது போல் எழுதப்பட்ட நூல். ரோமாபுரியில் கோபம் மூண்டது. 68 வயதுக் கிழவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்.

இளம் அதிபதி பெர்டினாந்து இரக்கம் உள்ளவர். பயணத்துக்குப் பல்லக்குக் கொடுத்தார். ரோமாபுரியில் இருந்த தம் தூதர் நிக்கோலினியின் மாளிகையில் தங்க ஏற்பாடு செய்தார். போப்பாண்டவரை எதிர்க்கும் துணிவு மட்டும் அவருக்கு இல்லை. விசாரணை நீண்டது. கலிலியோவின் தங்கும் செலவை முதல் மாதத்துக்கு மேல் அரசாங்கம் ஏற்காது என்று பிளாரன்சிலிருந்து தகவல் வந்தது. தூதர் நிக்கோலினி பெரிய மனதுடன், மிச்சச் செலவைத் தாமே ஏற்றுக்கொள்வதாகப் பதில் எழுதினார்.

1633-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, கலிலியோ மண்டியிட்டுத் தம் கொள்கையை மறுத்துப் படிக்க வேண்டியதாயிற்று. நூல் தடை செய்யப்பட்டது. ஆயுள் முழுவதும் காவல் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு பிளாரன்ஸ் அருகே ஆர்செத்ரியில் உள்ள தம் வீட்டிலேயே காவலில் இருக்க அனுமதி கிடைத்தது. பக்கத்துக் கன்னிமாடத்தில் இருந்த மூத்த மகள்தான் அவருக்கு ஒரே ஆறுதல். 1634-ல் அவளும் இறந்துவிட்டாள்.

வெனிசிலேயே இருந்திருந்தால் தப்பியிருப்பாரா? அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஜியார்டனோ புருனோ என்ற அறிஞரை 1593-ல் வெனிஸ் அரசு ரோமாபுரியிடம் ஒப்படைத்தது. 1600-ல் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். ஆனால் புருனோ வழிப்போக்கர். கலிலியோவோ வெனிசின் செல்லப்பிள்ளை. அவ்வளவு எளிதில் அவரைக் கைவிட்டிருக்க மாட்டார்கள் என்றே பலர் கருதுகிறார்கள்.

பாதுவாவின் குறிப்புகள்

ஆர்செத்ரி வீட்டில் கலிலியோ மனம் சோர்ந்து கிடக்கவில்லை. பழைய குறிப்புக் கட்டுகளை அவிழ்த்தார். பாதுவாவில், மாணவர் கூட்டத்துக்கும் பட்டறைச் சத்தத்துக்கும் நடுவில் எழுதிய குறிப்புகள் அவை. பொருள்கள் எப்படி விழுகின்றன, எறிந்த பொருள் எந்தப் பாதையில் செல்கிறது என்பவற்றை விளக்கி நூல் எழுதினார். இத்தாலியில் அச்சிட வழி இல்லை. ஹாலந்து நாட்டில் லெய்டன் நகரத்தில் 1638-ல் அது வெளிவந்தது. அதற்குள் அவர் இரண்டு கண்களும் தெரியாதவராகிவிட்டார். இன்றைய பௌதிக சாஸ்திரத்துக்கு அடிப்படை இட்ட நூல்களில் அது ஒன்று.

தடை செய்யப்பட்ட நூலிலும் சரி, இந்த நூலிலும் சரி, உரையாடுகிற மூன்று பேரில் ஒருவருக்குச் சக்ரிடோ என்று பெயர் வைத்தார் கலிலியோ. உண்மையான சக்ரிடோ 1620-லேயே இறந்துவிட்டார். தம்மை எச்சரித்த நண்பரைக் கலிலியோ தம் நூல்களில் சாகாமல் வாழ வைத்தார்.

1642-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி கலிலியோ காலமானார். வயது 77.

சம்பளம் கேட்டது அவர் செய்த தவறு அல்ல. கேட்டிராவிட்டால் 60 ஸ்கூடியிலேயே அவர் காலம் கழிந்திருக்கும். தங்கைகளின் வாழ்வும் கெட்டிருக்கும், அவர் செய்த தொலைநோக்கியும் பிறந்திராது. வேலையைச் செய்து காட்டினார், பிறகு கேட்டார், கேட்கத் தெரிந்து கேட்டார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எவ்வளவு சம்பளம், எவ்வளவு நேரம், என்ன பட்டம் என்று எல்லாவற்றையும் எடை போட்டவர் ஒன்றை மட்டும் எடை போடவில்லை. புயல் வந்தால் இந்த முதலாளியின் கூரை தாங்குமா என்பதுதான் அது.

அந்திம காலத்தில், பார்வை இழந்த பிறகு, அவர் பழைய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். தம் வாழ்நாளில் சிறந்த ஆண்டுகள் எவை என்று அதில் சொல்லியிருந்தார். 1000 ஸ்கூடி வாங்கிய அரண்மனை ஆண்டுகளை அவர் சொல்லவில்லை. கடனோடும் மாணவர்களோடும் மாரடித்த அந்தப் பாதுவாவின் 18 ஆண்டுகளைத்தான் சொன்னார்.